புழுவும் புதரும் இருந்தால் பறவை வரும்: வாசகர் கேள்வி – பதில்

வீட்டுத் தோட்டத்துக்குப் பறவைகளை வரவழைப்பது பற்றிக் கடலூர், புதுச்சேரி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்து ஒரே கேள்வியாக்கியிருக்கிறோம்.

எங்களுடையது மூன்று சென்ட் மனை. வீடு போகப் பின்பக்கம் 12க்கு 25 அடி இடம் இருக்கிறது. நர்சரிக்குப் போய் இருபது வகைச் செடி வாங்கி வைத்தோம். பார்க்கவும் அழகாக இல்லை, காக்கையைத் தவிர எதுவும் வருவதும் இல்லை. என்ன தப்பு?
– வாசகி, மஞ்சக்குப்பம்

வகைக்கு ஒன்றாக இருபது செடி வாங்கியதுதான் தப்பு. ஒற்றைச் செடியில் பூக்கிற நாலு பூவுக்காகத் தேன்சிட்டு வழி மாறி வராது. நம் கண்ணும் அப்படித்தான், இருபது நிறம் இருபது இடத்தில் இருந்தால் எதிலும் நிற்காது. வகையை ஏழெட்டாகக் குறையுங்கள், ஒவ்வொன்றிலும் மூன்று, ஐந்து என்று கூட்டமாக வையுங்கள். அழகும் தீனியும் ஒரே நேரத்தில் கூடும்.

அடுத்தது உயரம். பறவைகள் இடத்தை மாடி மாடியாகப் பிரித்துக்கொண்டு வாழ்கின்றன. குயிலும் குக்குறுவானும் மேல்கிளையில் இருக்கும். கொண்டைக்குருவியும் மாம்பழச்சிட்டும் நடுவில். தையல்சிட்டு இடுப்பளவு புதரில். தவிட்டுக்குருவியும் குண்டுக்கரிச்சானும் தரையில் சருகைக் கிளறும். உங்கள் இடத்தில் எல்லாச் செடியும் முழங்கால் உயரம் என்றால் மேலே மூன்று மாடி காலி என்று அர்த்தம்.

12 அடி அகலத்தில் நாவலோ அத்தியோ வைக்க முடியாது. கடைசி மூலையில், மதிலிலிருந்து ஆறடி தள்ளி ஒரு மகிழம் வையுங்கள். மெதுவாக வளரும், இலை அடர்த்தி, வெட்டினால் தாங்கும். எதிர் மூலையில் ஒரு கறிவேப்பிலை. இதை மட்டும் சமையலுக்கு ஒடிக்காதீர்கள். நுனியை ஒடித்துக்கொண்டே இருந்தால் பூக்காது, பூக்காவிட்டால் பழம் இல்லை. விட்டு வைத்த மரத்தில் கோடையின் பிற்பகுதியில் கருத்துத் தொங்கும் பழத்துக்குக் குயிலும் கொண்டைக்குருவியும் போட்டி போடும். புதுச்சேரியின் மாநிலப் பறவை குயில்தான். அதற்குப் பழம் வேண்டும், ஒளிந்துகொள்ள அடர்ந்த இலை வேண்டும். குழம்புக்கு வேறொரு கறிவேப்பிலையைத் தொட்டியில் வைத்துக்கொள்ளலாம்.

இந்த இரண்டு மரத்துக்கும் முன்னால் நடுவரிசை. ஒற்றை அடுக்குச் சிவப்புச் செம்பருத்தி மூன்று, நாலடி இடைவெளியில். நாட்டு வெட்சி ஐந்து, மூன்றடி இடைவெளியில். இட்லிப்பூ என்று கேட்டால் குட்டை ஒட்டு ரகத்தைத் தருவார்கள், உயரமாக வளர்கிற சிவப்பு நாட்டு ரகம் என்று கேட்டு வாங்குங்கள். அடுக்குச் செம்பருத்தியில் இதழ் மண்டித் தேன் எடுக்கச் சிரமம், அதனால்தான் ஒற்றை. நேர்வரிசையில் நடாமல் முன்னும் பின்னுமாக நடுங்கள், இரண்டு வருடத்தில் ஒரே பச்சைத் திரையாகிவிடும். ஓரத்தில் ஒரு எலுமிச்சையும் ஒரு மருதாணியும். முள்ளும் நெருக்கமும் இருப்பதால் பூனைக்குப் பயந்த பறவைகள் கூடு கட்ட இவற்றைத் தேடும்.

ஒரு செடி கூடுதலாக வைக்க இடம் இருந்தால் அது காசாவாக இருக்கட்டும். பழம்பாடல்களில் காயா என்று வருவது இதுதான். திருமாலின் நிறத்துக்கு ஒப்புச் சொன்ன காயாம்பூ. கிளையோடு ஒட்டி நீலநிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூக்கும், பிறகு கருமையான சிறு பழம். நம் கடற்கரையோர உலர் பசுமைமாறாக் காட்டின் சொந்த மரம். புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு அந்த வகைக் காட்டின் மிச்சம். ஆரோவில் பக்க நாற்றுப் பண்ணைகளில் விசாரியுங்கள். வளர்ச்சி மிக மெதுவு, ஆனால் வேர்பிடித்த பிறகு கவனிப்பே கேட்காது.

முன்வரிசையில் கனகாம்பரம், துளசி, மணத்தக்காளி. மணத்தக்காளிப் பழத்தைக் கொண்டைக்குருவி விடாது. வேலியில் கோவைக்கொடி ஏறட்டும், பழுத்த கோவைக்குக் கிளி வரும். வெயில் படும் இடத்தில் மூன்றடிக்கு மூன்றடிப் பாத்தியில் ஒரு கைப்பிடி தினையை விதைத்துவிட்டு, கதிரை அறுக்காமல் விட்டால் சில்லை என்னும் சிறு குருவிக் கூட்டம் கதிரிலேயே தொங்கிக்கொண்டு தின்னும். அதைவிட அழகான தோட்டக்காட்சி கிடையாது.

மகிழத்தின் அடியில் ஐந்தடி அகலத்துக்குச் சருகைக் கூட்டாமல் விடுங்கள். தவிட்டுக்குருவிகளுக்கு அதுதான் சாப்பாட்டு மேசை. குப்பை என்று தோன்றினால் ஓரத்தில் கல் அடுக்கி வளைவாக ஒரு வரம்பு கட்டுங்கள். வரம்புக்குள் சருகு கிடந்தால் வேண்டுமென்றே விட்டது என்று பார்ப்பவர்களுக்குப் புரியும். புல்தரை வேண்டாம். தண்ணீரைக் குடிக்கும், பறவைக்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. கடைசியாக, சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துவிட்டுச் செடி வைக்கும் இடத்தை முடிவு செய்யுங்கள். தோட்டத்தை அதிகம் பார்க்கப்போவது அங்கிருந்துதான்.

பறவைக்குத் தண்ணீர் வைத்தால் டெங்கு கொசு வரும் என்று பக்கத்து வீட்டில் சண்டைக்கு வருகிறார்கள். வைக்கலாமா, கூடாதா?
– வாசகர், முதலியார்பேட்டை

அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. டெங்கு பரப்பும் கொசு இப்படிப்பட்ட சிறு பாத்திரங்களில்தான் முட்டையிடும். ஆனால் முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். தினமும் காலையில் பழைய தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டுப் புதிது நிரப்பினால் அதற்கு வாய்ப்பே இல்லை. ஊற்றினால் மட்டும் போதாது, தேய்க்க வேண்டும். முட்டை பாத்திரத்தின் உள்பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்தும் உயிரோடு இருக்கும். இரண்டு நாளைக்கு ஒரு முறை தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்து வெயிலில் காயவையுங்கள். இரண்டு தட்டு வாங்கி மாற்றி மாற்றி வைப்பது சுலபம். சோப்பு வேண்டாம். ஊருக்குப் போகும்போது தட்டைக் கவிழ்த்துவிட்டுப் போங்கள்.

தட்டு விஷயத்தில் பெரும்பாலோர் செய்யும் தவறு ஆழம். பிளாஸ்டிக் பேசினில் அரையடித் தண்ணீர் வைத்தால் காக்கை மட்டும் குடிக்கும், சிறு குருவி விழுந்தால் ஏற முடியாது. ஒன்றரை அடி அகல மண்தட்டு, ஓரத்தில் ஒரு அங்குலம், நடுவில் இரண்டு அங்குலம், அவ்வளவுதான் ஆழம். நடுவில் ஒரு சொரசொரப்பான கல். உள்பக்கம் பளபளப்புப் பூச்சு இருந்தால் கால் வழுக்கும், பூச்சில்லாத தட்டே நல்லது. ஆழ்குழாய்த் தண்ணீர் கரித்தால் அதை வைக்காதீர்கள், குடிதண்ணீரையே வையுங்கள்.

தரையில் வைப்பதாக இருந்தால் பூனை பதுங்கும் புதரிலிருந்து பத்தடி தள்ளி. மூன்றடி உயர மேடையானால் இன்னும் நல்லது. குளித்த பறவை நனைந்த இறகோடு தூரம் பறக்க முடியாது, அதனால் தட்டுக்கு மேலே ஏறி உட்கார ஒரு கிளை இருக்க வேண்டும். மதிய வெயில் தட்டில் படக் கூடாது.

சிட்டுக்குருவிக்கு அட்டைப்பெட்டி, மரப்பெட்டி எல்லாம் மாட்டிப் பார்த்துவிட்டேன். ஒரு வருடமாக எல்லாம் காலி. கடையில் வாங்கிய பெட்டியில் அணில் குடியேறிவிட்டது.
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

அணில் போனது என்றால் துளை பெரிது. சிட்டுக்குருவிக்கு 32 மி.மீ. விட்டம் போதும், அதிகபட்சம் 35. கடைப் பெட்டிகளில் 50 மி.மீ. வரை போட்டுவிடுகிறார்கள், அதில் மைனாவும் நுழையும். உள்ளளவு 12க்கு 12 செ.மீ., உயரம் 20 செ.மீ. துளையின் மையம் அடித்தளத்திலிருந்து 15 செ.மீ. மேலே. இதற்குக் கீழே வைத்தால் பூனைக் கையும் காக்கை மூக்கும் குஞ்சை எட்டிவிடும். துளைக்கு அடியில் அழகுக்காக ஒரு குச்சி செருகியிருப்பார்கள், அதைப் பிடுங்கிவிடுங்கள். குருவிக்கு அது தேவையில்லை, காக்கை உட்காரத்தான் வசதி. தளத்தில் நாலு மூலையிலும் 6 மி.மீ. ஓட்டை. கூரை முன்பக்கம் இரண்டு அங்குலம் நீண்டு சரிவாக இருக்கட்டும். கூரையைக் கீல் போட்டுத் திறக்கும்படி செய்யுங்கள். அட்டை நம் ஈரக்காற்றில் ஒரு பருவத்துக்குக்கூடத் தாங்காது. பழைய ஜன்னல் மரம், மாம்பலகை எது கிடைத்தாலும் சரி, முக்கால் அங்குலக் கனம் இருந்தால் உள்ளே சூடு ஏறாது. உள்பக்கம் பெயின்ட் அடிக்கக் கூடாது.

மாட்ட வேண்டிய உயரம் எட்டிலிருந்து பத்தடி. மேற்கு வெயில் படும் சுவரில் மாட்டினால் ஏப்ரலில் குஞ்சு வெந்துவிடும். கிழக்குப் பார்த்து மாட்டுங்கள் என்பதுதான் பொது விதி. ஆனால் நமக்கு வடகிழக்குப் பருவமழைச் சாரலும் அந்தத் திசையிலிருந்துதான் அடிக்கும். ஆகவே கிழக்குச் சுவராக இருந்தாலும் தாழ்வாரத்துக்கு அடியில், கூரை நிழல் விழும் இடத்தில் மாட்டுங்கள். சிட்டுக்குருவி கூட்டமாக வாழ்வது. ஒற்றைப் பெட்டியைவிட மூன்றடி இடைவெளியில் மூன்று பெட்டி இருந்தால் நம்பி வரும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் காலியாக இருந்தால் பிரச்சினை பெட்டியில் இல்லை. தாய்க்குருவி தானியம் தின்றாலும் குஞ்சுக்கு முதல் நாட்களில் புழு பூச்சிதான் ஊட்டும். தெருவில் ஒரு புதர்கூட இல்லாமல், எல்லா இடமும் சிமென்ட் போட்டு மூடியிருந்தால் பெட்டி மாட்டி என்ன பயன்? பக்கத்தில் ஒரு மருதாணிப் புதர், நெற்கதிர்க் கொத்து ஒன்று தாழ்வாரத்தில், மண் குளியலுக்கு இரண்டடி அகலத்தில் புழுதி மண். இவற்றை முதலில் செய்யுங்கள். நெற்கதிரைப் பிரி பிரியாகப் பின்னி வாசலில் கட்டுவது நம் கிராமத்து வழக்கம்தானே.

இன்னொன்று. வராந்தாவில் மின்விசிறிக் கிண்ணத்தில் கூடு கட்ட வரும் குருவி விசிறியின் இறக்கையில் அடிபட்டுச் சாகிறது. கிண்ணத்தின் திறந்த வாயைத் துணியால் அடைத்துவிடுங்கள்.

கடலுக்கு அரை கிலோமீட்டரில் வீடு. வெறும் மணல். வைக்கிற செடியெல்லாம் இலை கருகிப் போகிறது.
– வாசகி, தேவனாம்பட்டினம்

இரண்டு காரணம் இருக்கும். ஒன்று மணலில் தண்ணீர் நிற்காதது, இன்னொன்று உப்புக்காற்று. கடல் பக்கம் பார்த்த இலைநுனி மட்டும் கருகினால் உப்பு என்று பொருள்.

உப்புக்கு மருந்து கிடையாது, தடுப்புதான் உண்டு. கடல் பக்கத்தில் முதல் வரிசையாகப் புன்னை, பூவரசு, புங்கன் மூன்றில் எது இடத்துக்கு ஒத்துவருகிறதோ அது. இடம் குறைவு என்றால் நொச்சியை இரண்டடி இடைவெளியில் வேலியாக நடுங்கள். ஒடித்து வைத்தாலே வளரும். இவை ஆளுயரம் வந்து காற்றை வாங்கிக்கொண்ட பிறகுதான் உள்ளே செம்பருத்தியும் மாதுளையும் பிழைக்கும். அதற்கு முன் அவசரப்பட்டு நட்டுப் பணத்தை வீணாக்காதீர்கள்.

மணலுக்கு: புரட்டாசியில் இரண்டடி நீள, அகல, ஆழக் குழி. அடியில் தேங்காய் மட்டையை நார்ப்பக்கம் மேலே வரும்படி நெருக்கி ஒரு அடுக்கு. மேலே ஏரி வண்டல் இரண்டு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, தோண்டிய மணல் ஒரு பங்கு, வேப்பம் புண்ணாக்கு கால் கிலோ கலந்து நிரப்புங்கள். முதல் மழை இறங்கியதும் நடவு. தென்னங்கீற்றையும் சருகையும் நாலு அங்குலத்துக்கு மூடாக்காகப் போடுங்கள், தண்டை மட்டும் ஒட்டாமல் ஒரு சாண் விட்டு. பழுத்த எருவுக்குப் பதில் பச்சைச் சாணம் போட்டால் மணல் சூட்டில் வேர் வெந்துவிடும்.

எலுமிச்சை இலை முழுவதையும் பச்சைப் புழு தின்கிறது. மருந்து அடித்தால் பறவைக்கு ஆகாதா?
– வாசகர், வில்லியனூர்

ஆகாது. முதலில் பறவையின் எச்சம்போல் கருப்பு வெள்ளையாக இருந்து, பிறகு பச்சையாக மாறினால் அது எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் புழு. மூன்றடிக்கு மேல் வளர்ந்த செடி அதைத் தாங்கும், இலை திரும்பத் துளிர்க்கும். தையல்சிட்டும் மாம்பழச்சிட்டும் குஞ்சு பொரித்திருக்கும் சமயத்தில் இந்தப் புழுதான் அவற்றின் அன்றாடப் படி. நீங்கள் மருந்தடித்த மறுநாள், அரைமயக்கத்தில் நெளியும் புழுவைத்தான் தாய் முதலில் கொத்தும். புழு இல்லாத தோட்டத்தில் குஞ்சு வளராது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

சின்ன நாற்றாக இருந்தால் புழுவைக் குச்சியால் எடுத்துப் பெரிய செடிக்கு மாற்றுங்கள். செம்பருத்தி மாவுப்பூச்சிக்கு, மோசமான நுனியை வெட்டி எரித்துவிட்டு மீதியைக் குழாய்த் தண்ணீரால் பீய்ச்சி அடியுங்கள். மூன்று நாள் விட்டு மூன்று முறை. அப்படியும் நின்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், கரைய இரண்டு கிராம் காதி சோப்பு, மாலை வெயில் இறங்கியபின், மாவு படிந்த இடத்தில் மட்டும். பூவில் படக் கூடாது. எலிக்கு விஷம் வைக்கவே வைக்காதீர்கள். விஷம் தின்ற எலியைப் பிடிக்கும் ஆந்தையும் சேர்ந்து சாகும்.

மொட்டை மாடியில் தினமும் இரண்டு கிலோ அரிசி, கம்பு போடுகிறோம். புறாவைத் தவிர எதுவும் வருவதில்லை.
– வாசகர், லாஸ்பேட்டை

குவித்துப் போட்டால் புறாதான் வரும், மற்றதை விரட்டிவிடும். மிச்சத்துக்கு எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு. எச்சத்தில் தானியம் கலந்து ஊறினால் பூஞ்சை பிடித்துப் பறவைக்கே நோய். சட்டென நிறுத்தாமல் இரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறையுங்கள். பிறகு போடுவதானால் ஒரு கைப்பிடி, காலையில் மட்டும், அரைமணியில் தீர்கிற அளவு. தினையாக இருந்தால் நல்லது. மிக்சர், முறுக்கு, உப்புப் போட்ட சோறு கூடாது. காக்கைக்கு வைக்கிற சோற்றில் உப்பில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், போதும்.

தேன்சிட்டுக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைக்கலாமா என்றும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். நம் வெயிலில் ஒரே நாளில் புளித்துவிடும், எறும்பு மொய்க்கும். அந்த இடத்தில் ஒரு வெட்சியை வையுங்கள்.

மூன்றாம் மாடி பிளாட். பால்கனி நாலுக்குப் பத்தடி. எங்களுக்கு வழி உண்டா?
– வாசகி, ரெட்டியார்பாளையம்

தேன்சிட்டும் தையல்சிட்டும் மூன்றாம் மாடிக்குத் தாராளமாக வரும். 14 அங்குலத் தொட்டி நாலு, இரண்டில் வெட்சி, ஒன்றில் செம்பருத்தி, ஒன்றில் கனகாம்பரம். செம்மண், மக்கிய எரு, தேங்காய் நார்க்கழிவு சம பங்கு. நனைந்தால் ஒரு தொட்டி 30 கிலோ வரை வரும், எனவே விளிம்பில் வைக்காமல் சுவரோரம் வையுங்கள். கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால் உள்ளே எடுத்துவிட வேண்டும்.

தேன்சிட்டின் கூடு, துணிக்கொடியிலோ தொங்கும் ஒயரிலோ கந்தல் முடிச்சுபோல் தொங்கும். அதைப் பின்னுவதற்குச் சிலந்தி நூல் தேவை. பால்கனி மூலையில் ஒரு ஒட்டடையை விட்டு வையுங்கள். உள்மெத்தைக்கு இலவம்பஞ்சு கொஞ்சம் கம்பியில் சுற்றித் தொங்கவிட்டால் பிடுங்கிக்கொண்டு போகும். நைலான் நூல், தலைமுடி மட்டும் கூடாது, குஞ்சின் காலைச் சுற்றி அறுக்கும். கூடு கட்டிவிட்டால் குஞ்சு பறந்து போகும்வரை அந்தக் கொடியில் துணி காயப்போடாதீர்கள்.

பெரிய கண்ணாடிக் கதவு இருந்தால் வெளிப்பக்கத்தில் இரண்டு அங்குல இடைவெளியில் வெள்ளைப் புள்ளி ஒட்டுங்கள். கண்ணாடியில் தெரியும் வானத்தை நிஜம் என்று நம்பி மோதிச் சாவது அதிகம். நடுவில் ஒரே ஒரு பருந்துப் படம் ஒட்டுவதால் பயன் இல்லை.

ஒரு கொண்டைக்குருவி காரின் பக்கக் கண்ணாடியைக் காலை முழுவதும் கொத்துகிறது. பைத்தியமா?
– வாசகர், செம்மண்டலம்

கண்ணாடியில் தெரிவதை எதிரி என்று நினைத்துத் தன் எல்லையைக் காக்கிறது. பக்கத்தில் கூடு இருக்கும். வண்டியை நிறுத்தியதும் பழைய காலுறையைக் கண்ணாடிக்கு மாட்டிவிடுங்கள். சில வாரத்தில் தானாக நின்றுவிடும்.

கொய்யாவில் ஒன்றுகூடக் கிளி விடுவதில்லை. வலை போட்டேன், அதில் ஒரு கிளியும் ஒரு சாரைப்பாம்பும் மாட்டிச் செத்தன. மனசு கேட்கவில்லை.
– வாசகர், நெல்லிக்குப்பம்

மெல்லிய நைலான் வலையைத் தொய்வாகப் போட்டால் இதுதான் நடக்கும். பறவைக்கு அது கண்ணில் தெரியாது. கழற்றிவிடுங்கள். காய் எலுமிச்சை அளவு வந்ததும் ஒவ்வொன்றுக்கும் பழைய பருத்தி வேட்டியில் தைத்த பை மாட்டிக் காம்பில் தளர்வாகக் கட்டுங்கள். பழ ஈயும் தொடாது, ஒரே வேலையில் இரண்டு பலன். பிளாஸ்டிக் பையில் வியர்த்து அழுகும். மரத்தைக் கை எட்டும் உயரத்துக்குக் கவாத்து செய்துவைத்தால் பை கட்ட ஏணி தேட வேண்டாம். உச்சிக் கிளைப் பழங்களுக்குப் பை வேண்டாம், அது கிளியின் பங்கு.

கிளிக்குஞ்சைப் பிடித்து வளர்க்கலாமா என்று கேட்ட வாசகருக்கும் இங்கேயே பதில். கூடாது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது குற்றம்.

2011இல் ‘தானே’ புயல், 2024இல் ‘ஃபெஞ்சல்’ புயல். ஒவ்வொரு புயலிலும் மரம் விழுகிறது. பறவைக்காக மரம் வைக்கவே பயமாக இருக்கிறது.
– வாசகர், பாகூர்

மரத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கவாத்திலும்தான் பாதுகாப்பு இருக்கிறது. செம்மயிற்கொன்றை, தூங்குமூஞ்சி இரண்டும் பரந்து வளரும், வீட்டருகில் வேண்டாம். தேன்பழ மரம் என்கிற சிங்கப்பூர் செர்ரி இரண்டே வருடத்தில் பழம் தரும், அத்தனை பறவையும் அதில் இருக்கும். ஆனால் கட்டை மிகவும் பலவீனம். வைத்தால் பத்தடிக்கு மேல் விடாமல் வெட்டிக்கொண்டே இருங்கள். கல்யாணமுருங்கையும் அப்படியே. அதன் சிவப்புப் பூவில் மைனா, கரிச்சான், தேன்சிட்டு மூன்றும் ஒரே சமயம் தேன் குடிப்பதைப் பார்க்கலாம் என்பதற்காக வேலியோரம் ஒன்று வைக்கலாம். நிலைத்து நிற்க மகிழம், புன்னை, புங்கன்.

கவாத்து செய்ய ஏற்ற காலம் ஆவணிக் கடைசி, புரட்டாசி முதல் பாதி. கோடைக் கூடுகள் பெரும்பாலும் காலியாகியிருக்கும், மழைக்கும் ஒரு மாதம் இருக்கும். வெட்டுவதற்கு முன் கிளை கிளையாகப் பார்த்து, கூட்டில் முட்டையோ குஞ்சோ இருந்தால் அந்தக் கிளையை மட்டும் விட்டுவிடுங்கள். உள்கிளைகளை நாலில் ஒரு பங்கு கழித்துக் காற்றுக்கு வழிவிட வேண்டும். உச்சியை மொட்டையடித்தால் அடுத்த வருடம் வரும் போத்துகள் (புதுக்கிளைகள்) அடிமரத்தில் சரியாகப் பிடிக்காமல் முதலில் அவையே முறியும். இளமரத்துக்கு இரண்டு பக்கமும் முளை அடித்து எட்டு வடிவில் கயிறு கட்டுங்கள். இறுக்கிக் கட்டாதீர்கள், கொஞ்சம் ஆடினால்தான் வேர் பிடிக்கும். காய்ந்த முருங்கையோ தென்னையோ வீட்டின் மேல் விழாத தூரத்தில் இருந்தால் வெட்டாமல் விடுங்கள், குக்குறுவானும் மரங்கொத்தியும் பொந்து தோண்ட அதைத்தான் தேடும்.

உன்னிச்செடி வருடம் முழுக்கப் பூக்கிறதே, வேலிக்கு வைக்கலாமா?
– வாசகி, அரியாங்குப்பம்

வேண்டாம். அதன் பழத்தைத் தின்ற பறவைகள் விதையைக் காடு முழுக்கக் கொண்டுபோகும். அது பரவிய இடத்தில் உள்ளூர்ச் செடி தலைதூக்காது. முள்வேலிக்குக் களாச்செடியை மூன்றடிக்கு ஒன்றாக நடுங்கள். வெள்ளைப் பூ, ஊறுகாய்க்குக் காய், பறவைக்குப் பழம்.

கூட்டிலிருந்து விழுந்த குஞ்சைக் கையால் தொட்டால் தாய் சேர்க்காது என்கிறார்களே?
– வாசகி, புதுப்பாளையம்

சேர்க்கும். மனித வாடைக்காகத் தாய்ப்பறவை குஞ்சைக் கைவிடாது. உடம்பில் இறகு இல்லாத குஞ்சு என்றால் கூட்டில் திருப்பி வையுங்கள். கூடே விழுந்திருந்தால் ஒரு சிறு தேங்காய்நார்க் கூடையில் வைத்து அதே கிளையில் கட்டுங்கள். இறகு முளைத்து வால் குட்டையாகத் தத்தித் திரிந்தால் அது விழவில்லை, பறக்கப் பழகுகிறது. பூனை எட்டாத கிளையில் ஏற்றிவிட்டு, வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். நீங்கள் நின்றால் தாய் இறங்காது. வாயில் பாலோ தண்ணீரோ ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய் இறந்துவிடும். காயம் இருந்தால் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

ஐப்பசியில் ஒரு நாள் காலை, பச்சை முதுகும் சிவந்த அடிவயிறும் கொண்ட குட்டை வால் பறவை ஒன்று மாடிப்படியில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. அது எது? மறுபடி வந்தால் என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், முத்தியால்பேட்டை

ஆறுமணிக்குருவி. காலையும் மாலையும் ஆறுமணி வாக்கில் இரண்டு சீழ்க்கை அடிப்பதால் அந்தப் பெயர். கோடையில் வடக்கிலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு அக்டோபர், நவம்பரில் தெற்கே வரும். இரவில் பறந்து வருவதால் விளக்கு வெளிச்சத்தில் திகைத்தும், களைத்தும் நம் கடற்கரை ஊர்களில் வீட்டுக்குள் இறங்கிவிடும்.

எடுத்து ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில், அடியில் துணி விரித்து, மூடி இருட்டில் வையுங்கள். தீனி, தண்ணீர் திணிக்க வேண்டாம், திறந்து திறந்து பார்க்கவும் வேண்டாம். காயம் இல்லையென்றால் அன்று மாலை வெளிச்சம் மங்கும் நேரத்தில், நாயும் பூனையும் இல்லாத புதரடியில் பெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு விலகுங்கள். இது தரையில் சருகைப் புரட்டிப் புழு தின்னும் பறவை. மாமரத்தடியில் பத்தடிச் சருகு கூட்டாமல் கிடந்தால் மாசி, பங்குனி வரைகூட அங்கேயே தங்கிவிடும். அந்த மாதங்களில் மட்டுமாவது தோட்டக்காரரிடம் துடைப்பத்தைக் கொடுக்காதீர்கள்.